ஆடாமல் விட்ட ஆட்டம்

மலருக்கு விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும் என்று கழகச் செயலாளர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பொங்கல் விழாவில் நடக்கும் சாக்கு ஓட்டத்தில்கூட நான் முதல் மூவரில் ஒருவனாக வந்தது இல்லை. கபடிக்கு ஆள் குறைந்தால்தான் என்னைக் கூப்பிடுவார்கள். இதெல்லாம் தெரிந்தும் கேட்கிறாரே என்று எண்ணினேன். ஆயினும் ஒப்புக்கொண்டேன். ஓர் ஆட்டத்தைப் பற்றிய செய்தி ஓராண்டாக என் உள்ளத்தை உறுத்திக்கொண்டு கிடக்கிறது. அதைச் சொன்னால் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டியிருக்கும். சொல்வதற்கு நம் மலரைவிட வேறு இடம் எனக்கு இல்லை.

அந்த ஆட்டத்தை நான் தேடிப் போகவில்லை. பாடத்தின் வழியாக அது என்னிடம் வந்தது. முதுகலை இயற்பியலில், திண்மப் பொருளின் சுழற்சி பற்றி நாங்கள் ஒவ்வொருவரும் வகுப்பில் ஓர் உரை நிகழ்த்தவேண்டும். பம்பரத்தை எனக்கு முன்பே மூவர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பேராசிரியர் எனக்குக் கொடுத்தது அமெரிக்கக் காற்பந்து. பெயர்தான் காற்பந்து, பெரும்பாலும் கையால் ஆடுவது. அந்தப் பந்தும் உருண்டை அன்று. நெல்மணி ஒன்றை ஒரு சாணுக்குமேல் பெருக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். எறிபவர் அதை அதன் நீண்ட அச்சைச் சுற்றி நொடிக்கு ஏறத்தாழப் பத்து முறை சுழலும்படி எறிகிறார். சுழலும் பொருளின் அச்சு தன் திசையை விடாது என்பது நாம் படித்த பாடம். அப்படியானால் மேல்நோக்கிப் புறப்பட்ட பந்தின் மூக்கு, கீழே வரும்போதும் மேல்நோக்கியே இருக்கவேண்டும் அல்லவா? இருப்பதில்லை. நல்ல கை எறிந்த பந்து தன் பாதையோடு சேர்ந்து வளைந்து, மூக்கைத் தாழ்த்திக்கொண்டு இறங்குகிறது. இதற்குத் தெளிவான விளக்கம் ஒன்றை 2020-இல் அமெரிக்க இயற்பியலறிஞர் மூவர் வெளியிட்டார்கள். காற்று பந்தின் மூக்கைத் தள்ளுகிறது. சுழற்சி அத்தள்ளலைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. பம்பரம் தலையாட்டுவது போன்ற அந்த அசைவே மூக்கைப் பாதையின் வழியே கொண்டுசெல்கிறது.

உரைக்குப் படங்கள் வேண்டியிருந்தன. பழைய ஆட்டங்களின் படங்களையும் குறிப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். 1965 ஜனவரி 16 என்று தேதியிட்ட ஒரு குறிப்பில் கண் நின்றது. நியூ ஆர்லியன்ஸில் நடக்கவேண்டிய ஆட்டம் ஹூஸ்டனில் நடந்தது என்று இருந்தது. மழை பெய்திருக்கும் என்று நினைத்தேன். மழை பெய்யவில்லை. இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து அந்தக் கதையைப் படித்தேன். பந்தின் மூக்கு மறந்துபோயிற்று.

அது ஒரு நட்சத்திர ஆட்டம். பருவம் முழுதும் அணிகள் தமக்குள் மோதி முடித்த பிறகு, எல்லா அணிகளிலிருந்தும் சிறந்த வீரர்களைப் பொறுக்கி எடுத்து, இரண்டு அணிகளாகப் பிரித்து ஆடவிடுவார்கள். இதில் வென்றாலும் தோற்றாலும் அந்த ஆண்டின் வெற்றிப் பட்டியலில் ஒன்றும் மாறாது. ஊருக்கு அது ஒரு திருவிழா. வீரனுக்கு ஒரு பெருமை. தொழில்முறைக் காற்பந்தில் இவ்வழக்கம் 1939 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியது. அந்த ஆண்டின் வெற்றி அணியான நியூயார்க் ஜயண்ட்ஸ், பொறுக்கி எடுத்த வீரர்களின் அணியை 13-க்கு 10 என்று வென்றது. அன்று களத்தில் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. 1934 முதல் 1945 வரை அந்தத் தேசிய லீகில் கறுப்பின வீரர் ஒருவருக்கும் இடம் கொடுக்கவில்லை. சிறந்தவர்களைப் பொறுக்கினோம் என்றார்கள். எந்தக் கூடையிலிருந்து பொறுக்கினார்கள் என்பதை யாரும் கேட்கவில்லை போலும்.

1960-இல் அந்தப் பழைய லீகுக்குப் போட்டியாக அமெரிக்கன் லீக் என்று ஒன்று கிளம்பியது. புதிய கடைக்குப் புதிய சரக்கு வேண்டும். பழைய லீக் அதிகம் எட்டிப் பாராத கறுப்பினக் கல்லூரிகளுக்கெல்லாம் இவர்கள் போய் வீரர்களைத் தேடினார்கள், கண்டெடுத்தார்கள். எனவே 1965 ஜனவரியில் கிழக்கு அணி, மேற்கு அணி என்று நட்சத்திரங்களைத் தேர்ந்தபோது, அவர்களுள் 21 பேர் கறுப்பினத்தவராக இருந்தார்கள்.

ஆட்டத்திற்குத் தேர்ந்த ஊர் நியூ ஆர்லியன்ஸ். லூயிசியானா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள நகரம். ஜாஸ் இசை பிறந்த மண். அதே மாநிலம் 1956-இல், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே களத்தில் சேர்ந்து விளையாடக் கூடாது என்று சட்டமே இயற்றியிருந்தது. அது செல்லாது என்று 1959-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் முடிவு செய்தது. 1964 ஜூலை 2-ஆம் நாள் குடியுரிமைச் சட்டமும் வந்துவிட்டது. தங்கும் விடுதியிலும் உணவு விடுதியிலும் நிறம் பார்க்கக் கூடாது என்பது சட்டம். அந்நகரத்துப் பிரமுகர்களுக்குத் தங்கள் ஊருக்கென ஒரு தொழில்முறை அணி வேண்டும் என்ற பேராவல் இருந்தது. டேவ் டிக்சன் என்பவர் முன்னின்று முயன்றார். ஒரு குறையும் வராது என்று வீரர்களுக்கு உறுதி சொல்லப்பட்டது. எண்பதாயிரம் பேர் அமரக்கூடிய டுலேன் அரங்கம் காத்திருந்தது.

வீரர்கள் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் வாடகைக் கார்கள் வரிசையாக நின்றன. வெள்ளை வீரர்கள் ஏறிப் போய்விட்டார்கள். கறுப்பு வீரர்களை ஏற்றிக்கொள்ள மறுத்தார்கள். உங்களுக்கென்று தனி வண்டி உண்டு, அதைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒருவழியாக நகரத்துக்குள் வந்தவர்கள் மாலையில் உலாவப் புறப்பட்டார்கள். போர்பன் தெருவில் விடுதிக்கு விடுதி கதவு சாத்தப்பட்டது. ஓரிடத்தில் வாயிற்காப்போன் துப்பாக்கியை எடுத்துக் காட்டினான் என்று அவர்கள் பின்னர் சொன்னார்கள். அவர்களுள் எர்னி லாட் என்பவர் ஆறடி ஒன்பது அங்குல உயரம். களத்தில் அவரைக் கண்டால் எதிரணி நடுங்கும். ஒரு வாடகைக் காரின் கதவைத் திறக்க அந்த உயரம் உதவவில்லை.

ஜனவரி 10, ஞாயிற்றுக்கிழமை. விடுதி அறை ஒன்றில் இருபத்தொருவரும் கூடினார்கள். பஃபலோ அணியின் குக்கி கில்கிறிஸ்ட், எர்னி வார்லிக், ஓக்லண்டின் ஆர்ட் பாவெல், கான்சாஸ் சிட்டியின் ஆப்னர் ஹேன்ஸ், பாபி பெல், பக் புகானன் முதலானோர் இருந்தார்கள். எல்லாரும் ஒரே மனத்தோடு தொடங்கவில்லை. ஆடிவிட்டுப் போகலாம் என்று எண்ணியவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. இன்னும் ஆறு நாள். ஒரே ஓர் ஆட்டம். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் முடிந்தது. நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் அறிவுரையும் அதுதானே? ‘கொஞ்சம் பொறுத்துப் போ’ என்பதைக் கேட்காமல் நம்மில் யார் வளர்ந்தோம்?

அவர்கள் பொறுத்துப் போகவில்லை. இந்த ஊரில் ஆடுவதில்லை என்று முடிவு செய்தார்கள், பெட்டியைக் கட்டினார்கள்.

இக்கதையில் என் தூக்கத்தைக் கெடுத்தவர் வேறொருவர். ரான் மிக்ஸ் என்று பெயர். சான் டியேகோ அணியின் வெள்ளை வீரர். எர்னி லாட்டின் அணித்தோழர். கறுப்பு வீரர்களிடம் பேசி, போகவேண்டாம் என்று தடுக்கவே அவர் முதலில் வந்தார். இங்கேயே இருந்து போராடுவது நல்லது என்பது அவர் கருத்து. அவர்கள் கேட்கவில்லை. அவர் மறுபடியும் வாதாடியிருக்கலாம். தம் கடமை முடிந்தது என்று அறைக்குத் திரும்பியிருக்கலாம். நீங்கள் ஆடாவிட்டால் நானும் ஆடமாட்டேன் என்று சொன்னார். பஃபலோ அணியின் வெள்ளை வீரர் ஜாக் கெம்ப் என்பவரும் அவர்கள் பக்கம் நின்றார். மிக்ஸை எந்த வாடகைக் காரும் மறுக்கவில்லை. எந்தக் கதவும் அவர் முகத்தில் சாத்தப்படவில்லை. அந்த ஊர் அவரை இருகை நீட்டி வரவேற்றது. அவரே வரவேற்பைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள், ஜனவரி 11-இல், லீகின் தலைவர் ஜோ ஃபாஸ் ஆட்டத்தை ஹூஸ்டனுக்கு மாற்றிவிட்டதாக அறிவித்தார். இவர் இரண்டாம் உலகப் போரில் புகழ் பெற்ற போர்விமானி. தெற்கு டகோட்டா மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். நியூ ஆர்லியன்ஸ் மேயரோ வீரர்களைத்தான் கடிந்துகொண்டார். அவர்கள் பொறுமை காட்டியிருக்கவேண்டுமாம். ஹூஸ்டனும் தென்னாட்டு நகரம்தான். அங்கே எல்லாம் செம்மையாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஆட்டம் நடந்தது. அவசரத்தில் ஏற்பாடான ஆட்டத்திற்குப் பதினையாயிரத்துச் சொச்சம் பேர் வந்தார்கள். மேற்கு அணி 38-க்கு 14 என்று வென்றது. அந்த எண்களை இன்று யார் நினைக்கிறார்கள்?

விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. கில்கிறிஸ்டும் ஹேன்ஸும் அந்த 1965-ஆம் ஆண்டிலேயே தத்தம் அணிகளிலிருந்து டென்வர் அணிக்கு மாற்றப்பட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தம்மை அனுப்பியது என்று ஹேன்ஸ் கருதினார். மறுபுறம், நியூ ஆர்லியன்ஸ் பாடம் படித்தது. அணி வேண்டுமானால் கதவைத் திறக்கவேண்டும் என்பது அந்நகரத்துக்குப் புரிந்தது. 1966 நவம்பர் 1-இல் அதற்கு ஓர் அணி வழங்கப்பட்டது. 1970 ஜனவரி 11-ஆம் நாள், ஆட்டம் பறிபோய்ச் சரியாக ஐந்து ஆண்டு நிறைந்த அன்று, அதே டுலேன் அரங்கத்தில் நாட்டின் வெற்றி அணியைத் தீர்மானிக்கும் பேராட்டம் நடந்தது. கான்சாஸ் சிட்டி அணி வென்றது. பெட்டி கட்டிப் போன பாபி பெல்லும் பக் புகானனும் அன்று வென்ற அணியில் இருந்தார்கள்.

இனி என் கதை. சுருக்கமாகவே சொல்கிறேன், நீட்டினால் சாக்குச் சொல்லத் தோன்றும்.

முதலாண்டு ஜூலையில் நான் இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு இந்தி தெரியாது. இந்த ஊர்ப் பேச்சும் தெரியாது. மாணவர் விடுதியில் இடம் இல்லை. நம் கழகத்தார்தான் ரயிலடிக்கு வந்து அழைத்துப் போனார்கள். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. என்னோடு வேதியியலில் சேர்ந்த நண்பன் ஒருவன் இருந்தான். ஒரே ரயிலில், எதிர் எதிர்ப் பலகையில் இரண்டு இரவு வந்தோம். அவன் கொண்டுவந்த புளிச்சோற்றைத்தான் நான் இரண்டாம் நாள் சாப்பிட்டேன். இருவரும் ஓர் அறை எடுத்துக்கொள்வது என்று வழியிலேயே பேசிவைத்தோம். மூத்த மாணவர்கள் முகவரி எழுதிய சீட்டு ஒன்று கொடுத்தார்கள். தமிழர் வீடு, மாடியில் அறை, இருவர் தங்கலாம்.

வீட்டுக்கார அம்மாள் அன்பாக வரவேற்றார். இந்த ஊருக்குக் குடியேறி நெடுங்காலம் ஆனவர். “தம்பிங்களுக்கு எந்த ஊரு?” என்று தமிழில் கேட்டபோது எனக்குத் தாய்வீட்டுக்கே வந்துவிட்டது போல் இருந்தது. நான் என் ஊரைச் சொன்னேன். தாமிரபரணித் தண்ணீரின் சுவையைப் பற்றிப் பேசினார். என் தகப்பனாரின் பெயரைக் கேட்டார். பாட்டனாரின் பெயரையும் கேட்டார். பிறகு நண்பன் பக்கம் திரும்பினார்.

“விழுப்புரம் பக்கம்மா” என்றான் அவன்.

“ஊர்ல எந்தத் தெரு தம்பி?”

அந்தக் கேள்வியின் பொருள் நம் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஏதாவது ஒரு தெருவின் பெயரைச் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை.

“காலனிங்கம்மா” என்றான்.

அம்மாள் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. காப்பி கொடுத்தார், சர்க்கரை போதுமா என்று கேட்டார். பிறகு, அறை சின்னது, இரண்டு பேருக்குக் காணாது, ஒருவருக்குத்தான் சரியாக வரும் என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார். மாடிக்குப் போய்ப் பார்த்தோம். இரண்டு கட்டில், இரண்டு மேசை, சன்னலுக்கு வெளியே வேப்பமரம். இறங்கி வரும்போது படியில் அவன் மெல்லச் சொன்னான்: “நீ எடுத்துக்கடா. எனக்கு வேற இடம் கிடைக்கும்.”

எடுத்துக்கொண்டேன்.

அவனுக்கு வேறு இடம் கிடைத்தது. இரண்டு பேருந்து மாறி வரவேண்டிய இடம். விடுதியில் இடம் வரும் வரையில் நான்கு மாதம் அப்படி வந்தான். ஆய்வகத்துக்குப் பிந்தி வந்து ஏச்சு வாங்கினான். என் அறையில் ஒரு கட்டில் காலியாகக் கிடந்தது. அதன்மேல் நான் துணி உலர்த்தினேன்.

ஆறு மாதம் கழித்துத்தான் மிக்ஸின் கதை என் கைக்கு வந்தது. ஒரு தென்னாட்டு நகரத்தையும் அதன் வாடகைக் கார்காரர்களையும் மனத்தில் எளிதாகத் திட்டிக்கொண்டே படித்தவன், அந்த இடத்துக்கு வந்தவுடன் புத்தகத்தை மூடிவிட்டேன். இந்த ஊரார் என்னை ‘மதராஸி’ என்று சொல்லிச் சிரித்தபோதெல்லாம் எனக்கு எவ்வளவு சினம் வந்தது! வீட்டுக்கு நீண்ட கடிதம்கூட எழுதினேன். என் தாய்மொழியில், காப்பியோடு சேர்த்துக் கேட்கப்பட்ட கேள்விக்கு எனக்குச் சினம் வரவில்லை. அன்று என்னைத்தானே அவர் ஏற்றுக்கொண்டார்?

இக்கட்டுரையைச் செயலாளரிடம் கொடுக்குமுன் நண்பனிடம் காட்டினேன். அவன் இசைவு இன்றி அச்சேற்ற எனக்கு உரிமை இல்லை. முதலில் எழுதிய படியில், அவனை அந்த இருபத்தொருவரில் ஒருவனாக வைத்துப் புகழ்ந்து ஒரு பத்தி இருந்தது. படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

“இது தப்பு. அவங்ககிட்ட மறுக்கிறதுக்கு ஓர் ஆட்டம் இருந்தது. அவங்க இல்லாம ஆட்டம் நடக்காது. என்கிட்ட என்ன இருந்தது? அந்த வீட்டில மறுக்கக் கூடியவன் நீ ஒருத்தன்தான்” என்றான். சற்றுப் பொறுத்து, “மத்தபடி போடு. பேர் மட்டும் வேண்டாம்” என்றான்.

அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். அவன் சொன்னதுதான் கணக்கு. இருபத்தொருவரின் கையில் இருந்த பொருள், அந்த ஊர் விரும்பிய பொருள். அதனால் அவர்கள் ‘மாட்டோம்’ என்றபோது ஊர் கேட்டது. என் வீட்டுக்கார அம்மாள் விரும்பிய பொருள், மாதம் தவறாமல் வாடகை தரும் ஒரு தமிழ்ப் பையன். அது நான். என் ‘மாட்டேன்’ ஒன்றுதான் அந்த வீட்டில் செல்லக்கூடியது. அதை நான் செலவு செய்யவில்லை.

நண்பர்களே, நான் ஒருவன் வருந்தி என்ன பயன்? ஆனால் நம் கழகத்தின் கையில் ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலையில் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு நாம் கொடுக்கும் அந்த முகவரிச் சீட்டு. நம் மூலமாகக் குடிவருபவர்களை விரும்பியே பல வீடுகள் அதில் பெயர் கொடுத்திருக்கின்றன. அடுத்த சீட்டு எழுதும்போது, ‘எந்தத் தெரு’ என்று கேட்கும் வீடுகளை நாம் விட்டுவிடலாம். சீட்டில் நான்கு வீடு குறையும். முதல் வாரம் சிலர் கழக அறையிலேயே பாய் விரித்துப் படுக்க நேரும். நான் வந்து கூடப் படுக்கிறேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். வழிமொழிய ஓர் ஆள் வேண்டும்.

இன்னும் ஒன்று. கோடை விடுமுறைக்கு முன் நான் அந்த அறையைக் காலி செய்தேன். “ஏன் தம்பி, இங்கே உனக்கு என்ன குறை?” என்று அம்மாள் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். ஆய்வகத்துக்குத் தூரமாக இருக்கிறது என்று சொன்னேன். அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. நம் கழகத்துக்கு ஆண்டுதோறும் நன்கொடை தருபவர் அவர். இம்மலர் அவர் வீட்டுக்கும் போகும்.

அம்மா, அறை தூரமில்லை. நடந்தால் பத்து நிமிடம்.